முன்னே சென்ற அடியார்கள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அத்யயன உற்ஸவத்தில் பெருமாள் திருமுன்பே இரு வரிசையாக எழுந்தருளியிருந்து அருளிச்செயல் ஸேவிக்கும் கோஷ்டியை ஆண்டுதோறும் கண்டு வரும் சேவார்த்திகள் ஒன்றைக் கவனித்திருப்பர். சென்ற ஆண்டு எந்த இடத்தில் ஒரு பெரியவர் வீற்றிருந்தாரோ அந்த இடத்தில் இவ்வாண்டு வேறொருவர் இருப்பார். அருகிலிருப்பவரைக் கேட்டால், "அவர் ஆவணி மாதத்தில் ஆசார்யன் திருவடியை அடைந்துவிட்டார்" என்ற விடை தாழ்ந்த குரலில் வரும். அதற்குள் அடுத்த பாசுரம் தொடங்கிவிடும். உற்ஸவம் யாருக்காகவும் நிற்பதில்லை, நிற்கவும் கூடாது. ஆயினும், அவ்விடத்தில் இருந்தவரை அடியார் கூட்டம் எவ்வாறு நினைக்கவேண்டும் என்பதற்கு ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் தெளிவான வழி உண்டு. இக்காலத்தில் அவ்வழி பெரும்பாலும் மறந்துபோயிற்று.

முதலில் சொல்லையே பார்க்கலாம். அடியார் ஒருவர் உடலை விட்டார் என்பதை முன்னோர் "திருநாட்டுக்கு எழுந்தருளினார்" என்றனர், "பரமபதித்தார்" என்றனர், "ஆசார்யன் திருவடி அடைந்தார்" என்றனர். துக்கச் செய்தியை இனிப்பாகச் சொல்லும் உபசார மொழி என்று இதனைக் கொள்ளலாகாது. 'காலமானார்' என்றால் ஒருவர் முடிந்துபோனார் என்று பொருள்படும். 'எழுந்தருளினார்' என்றாலோ அவர் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு மற்றோரிடம் சேர்ந்தார் என்றும், அவ்விடத்தில் அவரை வரவேற்பார் உளர் என்றும் பொருள்படும். திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒன்பதாம் திருவாய்மொழி முழுவதும் அந்த வரவேற்பையே பாடுகின்றது. சரம கைங்கர்யத்தில் அதனை ஸேவிப்பதும் அக்கருத்துப் பற்றியே. ஸ்ரீசூர்ண பரிபாலனத்தின்போது உரலில் திருச்சூர்ணம் இடித்துச் சரமத் திருமேனியில் சாற்றுவதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும். முக்தனை எதிர்கொள்ளும் அப்ஸரஸ்ஸுகள் ஐந்நூற்றுவருள் நூற்றுவர் மாலை ஏந்தியும் நூற்றுவர் சூர்ணம் ஏந்தியும் வருவதாகக் கௌஷீதகி உபநிஷத்து ஓதுகின்றது. அங்கே நடக்கும் வரவேற்போடு இங்கே நடக்கும் வழியனுப்புதலை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தச் சடங்கின் பெருமை விளங்கும்.

சடங்குகள் இன்றும் குறைவின்றி நடக்கின்றன. பன்னிரண்டாம் நாள் ஸபிண்டீகரணம், மாதந்தோறும் மாஸிகம், ஆண்டு நிறைவில் ஆப்திகம், இவற்றோடு கூடிய திருவத்யயனம் ஆகியவற்றைப் பெரும்பாலான குடும்பங்கள் விடாமல் நடத்துகின்றன. ஆனால் ச்ராத்தத்தில் சொல்லப்படுவன யாவை? பிதா, பிதாமஹர், ப்ரபிதாமஹர் என்னும் மூவரின் கோத்ரமும் நாமமும் சொல்லப்படும். அவர்கள் முறையே வஸு, ருத்ர, ஆதித்ய ரூபிகளாகப் பாவிக்கப்படுவர். புதிதாகச் சென்ற ஒருவர் அந்த வரிசையில் சேர்க்கப்பட்ட அன்றே, வரிசையின் மேல்முனையில் இருந்தவர் பெயர் விலகுகின்றது. ஆக, ச்ராத்தம் மூன்று தலைமுறைக்குப் பெயரைக் காக்கும். அப்பெயருடையவர் என்ன கைங்கர்யம் செய்தார், யாரிடம் கற்றார், எந்தக் குணத்தால் அடியார்க்கு இனியராயிருந்தார் என்பவற்றைக் காப்பது ச்ராத்தத்தின் பணியன்று. அது கோஷ்டியின் பணி.

பூர்வாசார்யர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்தபோது வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படியில், பொருள் விளக்கத்தின் நடுவே எத்தனையோ அடியார்களின் வார்த்தைகளும் நடத்தைகளும் ஐதிஹ்யங்களாக வந்து அமர்கின்றன. அவர்களுட் பலர் நூல் எழுதியவரல்லர், மடம் அமைத்தவரல்லர். ஒரு பாசுரத்தைக் கேட்டபோது ஒருவர் எப்படி இருந்தார் என்ற ஒரே செய்தி அவர்களைப் பல நூறாண்டு வாழவைத்திருக்கின்றது.

குருபரம்பரையில் வரும் ஈரங்கொல்லியின் கதை பலருக்கும் தெரிந்ததே. அரங்கநாதனுடைய திருப்பரிவட்டங்களை மாசறத் துவைத்துக் கொணர்ந்த அவரை எம்பெருமானார் தம் கையால் அழைத்துக்கொண்டு ஸந்நிதிக்குச் சென்று பெருமாளிடம் காட்டிக்கொடுத்தார். கண்ணனாய் அவதரித்தபோது கம்ஸனுடைய வண்ணான் செய்த பிழையை இவர் பொருட்டுப் பொறுத்ததாகப் பெருமாள் திருவுள்ளமாயிற்று என்பர். அவருடைய கைங்கர்யம் நிலைத்தது. பெயர் மட்டும் பலரும் சொல்லும் கதையில் இல்லை. எவரேனும் ஒருவர் அன்று பெயரையும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

மறைந்த அடியார்க்கு மற்றோர் அடியார் கடமைப்பட்டவர் என்பதை வாழ்ந்தே காட்டியவர் பெரிய நம்பி. ஆளவந்தாரின் சிஷ்யர்களுள் மாறனேரி நம்பி என்பவர் ஒருவர். அக்காலத்து உலகத்தார் தாழ்ந்தது என்று ஒதுக்கிய குலத்திற் பிறந்தவர். ஞானத்தாலும் ஆசார்ய பக்தியாலும் உயர்ந்தவர். அவர் நோயுற்று இறுதி நெருங்கியபோது, தம் உடலை ஸம்ப்ரதாயம் அறியாத உறவினர் கையில் விடலாகாது என்று பெரிய நம்பியிடம் வேண்டிக்கொண்டார். அவர் திருநாடு அடைந்தபின், அந்தண குலத்தவரான பெரிய நம்பி வேறொருவரை ஏவாமல் தாமே ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்து முடித்தார்.

ஊர் பொறுக்கவில்லை. திருவரங்கத்துப் பெரியவர்கள் அவரை விலக்கி வைத்தனர். செய்தி உடையவர் செவிக்கு எட்டியது. அவர் தம் ஆசார்யரான பெரிய நம்பியிடம் சென்று, ஊரார் மனம் நோகும்படி இதனைச் செய்யலாமா என்று கேட்டார். நம்பியின் விடையில் சினம் இல்லை. ஸந்த்யாவந்தனத்தைப் பிறரை விட்டுச் செய்விக்கலாகாததுபோல இதுவும் தாமே செய்யவேண்டியது என்றார். சக்ரவர்த்தித் திருமகன் ஜடாயு என்னும் பறவைக்கு மகனாயிருந்து ஈமக்கடன் செய்தான். தருமபுத்திரன் விதுரருக்குச் செய்தான். மாறனேரி நம்பி அந்தப் பறவையிலும் தாழ்ந்தவரோ, தாம் பெருமாளிலும் உயர்ந்தவரோ என்பதே நம்பியின் கேள்வி. உடையவர் அகம் மகிழ்ந்து, நம்பியின் திருவாக்கினால் இப்பொருள் வெளிவரவேண்டும் என்றே கேட்டதாக விண்ணப்பித்தார். பின்வந்த பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் இந்நிகழ்ச்சியைக் குறித்து வைத்தார்.

இதில் மற்றொன்றும் கருதத்தக்கது. பெரிய நம்பியைத் திருவரங்கத்தார் விலக்கினர் என்ற செய்தி அந்த ஊருக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் குருபரம்பரையை எழுதியவர்கள் அதனை மறைக்கவில்லை. மறைந்தவரைப் புகழ்வதற்காக உண்மையைக் குறைப்பதும், இருப்பவர்க்கு நாணம் வருமே என்று விழுங்கிவிடுவதும் அவர்களுக்கு வழக்கமில்லை. இக்காலத்து இரங்கற் குறிப்புகளில் வகித்த பதவிகளும் பெற்ற பட்டங்களும் வரிசையாக இருக்கும். அந்த மனிதரைத்தான் தேடவேண்டியிருக்கும்.

அந்தப் பெரிய நம்பி எங்கே திருநாடு அடைந்தார் என்பதும் பாடமே. சோழனுடைய ஸபையில் கண்களை இழந்து, கூரத்தாழ்வானும் மகள் அத்துழாயும் உடன்வரத் திரும்பும் வழியில், நூற்றைந்து வயதான அவரால் மேலே நடக்க இயலவில்லை. திருவரங்கம் சேர்ந்து உயிர்விடலாம் என்று ஆழ்வான் விண்ணப்பித்தபோது அவர் இசையவில்லை. பெரிய நம்பிக்கே திருவரங்கத்தில் முடியவேண்டியிருந்தது என்று கேட்டால், வேறிடத்தில் உடலை விடும் ப்ரபந்நர்கள் தங்களுக்குப் பேறு உண்டோ என்று அஞ்சுவார்களே என்பது அவர் கவலை. தஞ்சைக்கு அருகில் பசுபதிகோயிலில், வழியோரத்தில், ஆழ்வான் மடியில் திருமுடியும் அத்துழாய் மடியில் திருவடியும் வைத்துத் திருநாடு அடைந்தார். உடையவர் அப்போது மேல்நாட்டில் எழுந்தருளியிருந்தார். செய்தி பின்னரே அவருக்கு எட்டியது. தந்தையின் இறுதிக் காலத்தில் அருகில் இருக்க முடியவில்லையே என்று வருந்தும் மக்களும், ஆஸ்பத்திரியில் அந்நியர் நடுவே தாயின் உயிர் பிரிந்ததே என்று மனம் தளர்வோரும் இன்று மிகப் பலர். அவர்கள் ஒருமுறை பசுபதிகோயிலுக்குச் சென்று பெரிய நம்பியை ஸேவித்து வரலாம்.

மறைந்தவருக்காக அழலாமோ எனின், அழலாம். உத்தமமான இடத்தைத்தானே அடைந்தார், ஏன் அழவேண்டும் என்று வீட்டாரை அதட்டும் பெரியவர்கள் சில இடங்களில் உண்டு. அவர்கள் கூரத்தாழ்வான் சரித்திரத்தை மீண்டும் பார்ப்பது நல்லது. ஆழ்வான் நம்பெருமாளிடம் மோக்ஷத்தை வேண்டிப் பெற்று வந்தபோது, ஆழ்வான் ஸம்பந்தம் உடையார்க்கும் பேறு உண்டு என்ற வரத்தைக் கேட்ட உடையவர் மகிழ்ச்சியால் தம் மேலாடையை வானில் எறிந்தார். அதே உடையவர், தம்மை விட்டு முன்னே செல்லலாமா என்று ஆழ்வானிடம் கலங்கவும் செய்தார். உடையவர் முந்திச் சென்றால் பின்வரும் சிஷ்யனை ஆசார்யர் எதிர்கொள்ள நேரிடும், அது முறையன்று, ஆகையால் தாம் முன்னே சென்று உடையவரை எதிர்கொள்ளவேண்டும் என்பது ஆழ்வானின் விடை. மேலாடையை எறிந்தவரும் கலங்கியவரும் ஒருவரே. மகிழ்ச்சி சென்றவரின் பேற்றுக்கு. கண்ணீர் இருப்பவரின் பிரிவுக்கு. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கத்தகும்.

இனி, மக்கட்பேறு இல்லாதார் நிலை. ஒவ்வோர் ஊரிலும் இத்தகையோர் சிலர் இருப்பர். திருமாலை கட்டியே வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவர் திருநாடு அடைந்தால், கைங்கர்யம் செய்யத் தூரத்து உறவினர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் ஊர் களைத்துவிடுகின்றது. அடுத்த ஆண்டு திதி யாருக்கும் நினைவிராது. இவர்கள் விஷயத்தில் எம்பெருமான் தானே வழிகாட்டியிருக்கின்றான். கும்பகோணம் சார்ங்கபாணி ஸந்நிதியில் கோபுரத் திருப்பணிக்கே வாழ்க்கையை ஈந்த லக்ஷ்மிநாராயணர் என்னும் பக்தர் மக்கள் இன்றி மறைந்தபோது பெருமாளே கர்த்தாவாக நின்றார் என்பது ஸ்தல வரலாறு. தீபாவளி அமாவாஸ்யையில் அவருக்கு அங்கே ச்ராத்தம் நடைபெறுகின்றது. செங்கற்பட்டுக்கு அருகில் நென்மேலியில், மகப்பேறற்ற யக்ஞநாராயண சர்மா, ஸரஸ்வதி தம்பதிகளுக்குத் திதி கொடுக்கும் பெருமாளுக்கு ச்ராத்த ஸம்ரக்ஷண நாராயணன் என்றே திருநாமம். திருவரங்கத்திலோ, மணவாள மாமுனிகளிடம் ஈடு கேட்டுச் சிஷ்யனான பெரிய பெருமாள், மாசி மாதம் க்ருஷ்ணபக்ஷ த்வாதசியில் தம் ஆசார்யருக்குத் தீர்த்தத் திருவத்யயனம் நடத்திவைக்கின்றார். அன்று அர்ச்சகர்களும் பரிசாரகர்களும் பெருமாள் ஸந்நிதி மரியாதைகளோடு மாமுனிகள் ஸந்நிதிக்கு எழுந்தருள்வர். ஸந்யாஸியான ஆசார்யருக்குப் பெருமாளே சிஷ்யனாக நின்று செய்யும்போது, நாற்பது ஆண்டு துளசி தொடுத்தவருக்கு அந்த ஊர்க் கோஷ்டி ஒரு நாள் ஸேவிப்பது பெரிய பாரமன்று.

இதற்குப் பொருட்செலவும் மிகுதியில்லை. திருநாடு அடைந்த ஆண்டின் பன்னிரண்டு மாஸிகங்களிலும் உறவினரும் அடியாரும் கூடுகின்றனர். ததீயாராதனம் முடிந்து தாம்பூலம் வாங்கியவுடன் கலைகின்றனர். அந்த நேரத்தில் அரை நாழிகை இருந்து, சென்றவரைப் பற்றி ஒவ்வொருவரும் தாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்ல, படித்த பிள்ளை ஒருவர் அதனை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். திருநாமம், திருநக்ஷத்ரம், ஆசார்ய ஸம்பந்தம் இவை முதலில் வேண்டும். பிறகு கைங்கர்யம். ஸ்ரீபாதம் தாங்கியாயிருந்தவரானால் வாஹனம் திருவீதி திரும்பும் இடத்தில் எந்தத் தோளுக்கு மாற்றுவார், மழை வந்தால் என்ன செய்வார்; திருமடைப்பள்ளியில் இருந்தவரானால் எத்தனை படிக்கு எவ்வளவு நெய் கொள்வார், அதை யாரிடம் கற்றார். இவற்றை ஓராண்டுக்குள் எழுதாவிட்டால் பிறகு எவராலும் எழுத முடியாது. பெண்பாலாரை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது, அது பெருங்குறை. விடியற்காலையில் ஸந்நிதி வாசலில் கோலமிட்டவர்களைப் பற்றி அவர்கள் வீட்டு மருமகள்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. அவர்களையே சொல்லச்சொல்லி எழுதவேண்டும். கோபம் மிகுந்தவராயிருந்தால் அதனையும் எழுதலாம். கோபித்த மறுநாள் எப்படி இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதினால் போதும்.

இராப்பத்தின் நிறைநாளில் சேவார்த்திகள் ஆழ்வார் மோக்ஷம் காணப் போகின்றனர். நம்மாழ்வாரை அர்ச்சகர்கள் கைத்தலத்தில் எழுந்தருளப்பண்ணிப் பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுவர். கோஷ்டி அந்த நேரத்தில் திருவாய்மொழியின் கடைசிப் பதிகத்தை ஸேவிக்கும். பலர் கண்களில் நீர் பெருகும். அதன் பின்னர், ஆழ்வாரை இவ்வுலகுக்குத் திருப்பித் தந்தருளவேண்டும் என்று பெருமாளிடம் விண்ணப்பம் ஆகும். துளசி விலக்கப்படும், ஆழ்வார் மீண்டும் தம் ஆஸ்தானத்துக்கு எழுந்தருள்வார். அந்தத் துளசி கூட்டத்தினர் கைக்கு வரும்போது, சென்ற ஆண்டு பக்கத்தில் நின்று அதனை வாங்கியவர் யார் என்று எண்ணிப் பார்த்து, அவர் பெயரை உடன் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லலாம்.