கேஷுவால்ட்டிக்குப் போகிறவள் பையில் எந்தப் புத்தகம்?

கடையில் நின்றபடி நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். ஒரு கையில் டின்டினாலி, கவுன்டர் மேல் ரோசன் இரண்டு வால்யூம். கீழே வை. டின்டினாலி இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். ரோசனைத் தூக்கிப் பார்த்திருப்பாய், சொல்ல வேண்டியதில்லை. உனக்கு கேஷுவால்ட்டி போஸ்டிங் இரண்டே வாரம். இவை எம்.டி. படிக்கிறவர்களின் புத்தகங்கள். சந்தேகம் வந்தால் லைப்ரரியில் போய்ப் புரட்டிக்கொள்ளலாம், காசு கொடுத்துச் சுமக்காதே.

நான் சுமந்தேன். ஹவுஸ் சர்ஜனாக என் முதல் நைட் டியூட்டியில், சீனியர் ஒருவர் விற்ற தடிமனான அமெரிக்கப் புத்தகம் பையில் இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு வயிற்றுவலி என்று ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அல்சர் என்று முடிவுகட்டி ஊசி எழுதிவிட்டேன். சிஸ்டர்தான் மெதுவாக, "மேடம், ராத்திரி தரையில படுத்திருந்தாரான்னு கேளுங்க. கண்ணைப் பாருங்க, இமை சொருகுது" என்றார். கட்டுவிரியன். தூக்கத்தில் கடித்தால் வலிகூடத் தெரியாது, கடித்த தடமும் கண்ணில் படாது. வயிற்றுவலியும் சொருகும் இமையும்தான் துப்பு. என் புத்தகத்தில் பாம்புக்கடிக்கு ஓர் அத்தியாயமே இருந்தது. முழுக்க ராட்டில் ஸ்நேக்.

அன்றிலிருந்து புத்தகம் வாங்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: நம் வாசலில் வந்து இறங்குகிற ஆளுக்கு அதில் பதில் இருக்கிறதா? நம் நாட்டில் அவசர மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு அங்கீகாரம் பெற்றதே 2009இல்தான். அதனால் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் புத்தகங்கள். மாரடைப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் அவை அருமை. பூச்சிமருந்து குடித்தவருக்கும், செந்தேள் கொட்டிய குழந்தைக்கும், அரளி விதை அரைத்துக் குடித்த பெண்ணுக்கும் நீ வேறு இடம் பார்க்க வேண்டும்.

அந்த வேறு இடம் உன் கட்டிலுக்கடியில்தான் கிடக்கிறது. எடைக்குப் போடுவேன் என்றாயே, நாராயண் ரெட்டியின் தடயவியல் புத்தகம், அதைப் போடாதே. அரளி, ஊமத்தை, பூச்சிமருந்து எல்லாம் அதில் இருக்கிறது. வைவாவுக்கு மனப்பாடம் செய்த பக்கங்களை இப்போது நோயாளி முகத்தோடு படித்தால் வேறு மாதிரி இருக்கும். இன்னும் வேண்டுமென்றால் கொச்சி வி.வி. பிள்ளையின் விஷவியல் புத்தகம். விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் டியூட்டி பார்ப்பவர்கள் ஒடுவந்தழை என்ற விஷ இலையைத் தெரியாமல் இருக்கவே கூடாது. அதைத் தின்றுவிட்டு, வரும்போது நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு உள்ளுக்குள் பொட்டாசியம் இறங்கி, ரத்தம் அமிலமாகி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். வாயைக் கழுவி அனுப்பிவிடுகிற கேஸ் அல்ல அது.

தேள்கடிக்கு பிரசோசின் என்ற பழைய பிரஷர் மாத்திரையைக் கொண்டுவந்தவர் மகாராஷ்டிராவின் மகாட் ஊர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். கிராமத்து ஆஸ்பத்திரியில் கண்ணெதிரே குழந்தைகள் இறந்ததைப் பார்த்து அவர் தேடிப் பிடித்த வழி. நீ வாங்கப்போகும் புத்தகத்தில் தேள் பக்கத்தைத் திற. அந்த மாத்திரையின் பெயரே இல்லையென்றால், அது நம் ஊருக்கு எழுதிய புத்தகம் இல்லை என்று வைத்துக்கொள்.

கடையில் நின்றபடியே செய்ய இன்னொரு சோதனை, பழைய பதிப்பைக் கண்டுபிடிக்க. இதயம் நின்று ஈ.சி.ஜி.யில் நேர்கோடு ஓடுபவருக்கு அட்ரோபின் போடச் சொல்கிறதா? 2010க்கு முந்தைய சரக்கு, மூடிவிடு. மார்பை நிமிடத்துக்கு 'குறைந்தது 100 முறை' அழுத்து என்றால் 2015க்கு முந்தையது. அந்த ஆண்டிலிருந்து 100 முதல் 120 என்று மேல் எல்லையும் வைத்துவிட்டார்கள். விபத்தில் ரத்தம் போனவருக்கு எடுத்த எடுப்பில் இரண்டு லிட்டர் டிரிப்ஸ் ஏற்றச் சொன்னால், 2018இல் ஏ.டி.எல்.எஸ். என்ற விபத்துச் சிகிச்சை நெறிமுறை அதை ஒரு லிட்டராகக் குறைத்தது அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. சீனியர் பாதி விலைக்குத் தருகிறார் என்று சபலப்படுகிறவர்கள் இந்த மூன்று பக்கத்தையாவது பார்த்துவிட்டுக் காசை எடுக்கட்டும்.

அப்புறம், நோயின் பெயரில் அத்தியாயம் பிரித்த புத்தகத்தைவிட, நோயாளியின் வாயில் வருவதை வைத்துப் பிரித்ததை எடு. யாரும் 'எனக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. 'மூச்சு வாங்குது', 'தலை சுத்துது', 'திடீர்னு விழுந்துட்டாரு', இவ்வளவுதான். அந்த இடத்தில் முதல் பத்து நிமிடம் கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் இருபது காரணங்களை அடுக்குகிற புத்தகம் பரீட்சைக்கு ஆகும், டியூட்டிக்கு ஆகாது. நீட் பி.ஜி. நோட்ஸையும் அந்த இரண்டு வாரம் ஹாஸ்டலிலேயே வை. நாலு விடையில் ஒன்றைத் தேடிப் பழகிய கண் கேஷுவால்ட்டியில் தடுமாறும்.

சரி, எதைத்தான் வாங்குவது என்கிறாயா? பையில் அடங்க ஒன்று: டின்டினாலியின் சின்ன மேனுவல், அல்லது ஆக்ஸ்ஃபோர்டு ஹேண்ட்புக். என் ஓட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கு. கோட் பாக்கெட்டில் நுழையும், எலும்பு மூட்டு நழுவலை எப்படி இழுத்துப் போடுவது என்பதுவரை சொல்லும். ஒரு எச்சரிக்கை: அது பிரிட்டிஷ் புத்தகம், சர்க்கரையை மில்லிமோலில் போட்டிருக்கும். 18ஆல் பெருக்கினால்தான் நம் லேப் கணக்கு. ஈ.சி.ஜி. பயம் இருந்தால் ஹாம்ப்டனின் 'ஈ.சி.ஜி. மேட் ஈஸி'. 1973இல் வந்த சின்னப் புத்தகம், பதிப்பு மேல் பதிப்பாக இன்றும் ஓடுகிறது. போனில், காசில்லாமல், 'லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன்' தளத்தின் ஈ.சி.ஜி. தொகுப்பு. இதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்காதே.

மற்றதெல்லாம் நீயே எழுத வேண்டியது. முதல் நாளே பி.ஜி. அக்காவிடம் கேட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் நெறிமுறைகளைப் பாக்கெட் நோட்டில் காப்பி செய். பாம்புக்கடிக்கு இங்கே எத்தனை வயல் ஏ.எஸ்.வி. விஷமுறிவு மருந்தில் ஆரம்பிக்கிறார்கள், இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குக் காய்ந்த புதுக் கண்ணாடி டியூப் எந்த டிராயரில் இருக்கிறது (பிளாஸ்டிக்கில் எடுத்தால் ரிசல்ட்டே தப்பு), பூச்சிமருந்து கேஸில் நெஞ்சுச் சத்தம் தெளியும்வரை அட்ரோபினை எப்படி இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறார்கள், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி எழுதும்போது எந்தக் கட்டத்தை விட்டால் மறுநாள் போலீஸ்காரர் உன்னைத் தேடி வருவார். இதற்கெல்லாம் எந்தப் பதிப்பாளரும் புத்தகம் போடமாட்டார்.

என் பழைய நோட்டு அம்மா பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக்கொள். கடைசிப் பக்கத்தில் லேப், பிளட் பேங்க், எக்ஸ்ரே ரூம் இன்டர்காம் எண்கள் இருக்கும். அது எங்கள் ஆஸ்பத்திரியுடையது, கிழித்துப் போட்டுவிட்டு உன்னுடையதை எழுது. பேனா இரண்டாக எடுத்துப் போ, ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.