எந்தப் புத்தகத்துக்குக் காசு கொடுப்பது?

2021இல் இலங்கையின் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே காகிதத் தட்டுப்பாடு வந்து அச்சுச் செலவு ஏறியது. நல்ல ஆய்வு நூல் ஒன்றின் விலை இன்று அந்த 1000 ரூபாயை எளிதாகத் தாண்டுகிறது. வெலிமடையிலிருந்து பதுளைக்கோ கொழும்புக்கோ போய்ப் புத்தகம் வாங்குகிற எங்கள் பிள்ளைகள், வீட்டில் யாரோ ஒருவரின் ஒரு நாள் உழைப்பைக் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அதனால் மலையகத்தைப் பற்றிய எந்த நூலையும் கடையில் நின்றபடியே சோதித்துவிட்டு வாங்கச் சொல்கிறேன். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

முன்னுரையை விட்டுவிடுவேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விடயம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று முதலில் தேடுவேன். பெரும்பாலும் அது தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவம். எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் (முழு நாட்சம்பளம்), குறைந்தால் அரைப்பேர் எப்படி விழுகிறது, ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள், தராசை யார் பார்க்கிறார், துண்டில் யார் எழுதுகிறார்? தொழிலாளி சுரண்டப்படுகிறாள் என்று எழுத மலையேற வேண்டியதில்லை. கழிவு எத்தனை கிலோ என்று எழுத, மடுவத்தில் ஒரு மாலையாவது நின்றிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சரியாக எழுதியவரை, தெரியாத இடத்திலும் நம்பி அவர் பின்னால் போகலாம்.

அடுத்தது எண்கள். 1840களில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் 70,000 பேர், அதாவது நான்கில் ஒருவர், இறந்தார்கள் என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். அதன் வேர் 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை செய்த மதிப்பீடு. இறப்பை ஒழுங்காகப் பதியாத காலம் அது. வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்தால் மிஞ்சுவது சாவுதானா? திரும்பும்போது கணக்கில் விழாமல் போனவர்கள் எத்தனை பேர்? வாசகராக நாம் இதைக் கேட்டே ஆகவேண்டும். பாதையோரம் விழுந்து மடிந்தவர்களின் துயரம் இந்தக் கேள்வியால் ஒரு துளியும் குறையாது. அவர்களுக்குச் சரியான கணக்கு கொடுப்பதும் ஒரு மரியாதை. எண் யாருடையது என்று சொல்லிவிட்டு எழுதுகிற நூலை எடுங்கள். வெறுமனே 70,000 என்று அச்சிட்டுவிட்டு அழவைக்கிற நூலைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பதுளையும் வெலிமடையும் அடங்கிய ஊவா மாகாணத்துக்காரர்களான எங்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. அட்டையில் மலையகம் என்று இருக்கும்; உள்ளே ஊவாவுக்கு வெளியே உள்ள ஹட்டனும் தலவாக்கலையும் மட்டுமே இருக்கும். தொழிற்சங்க வரலாறு என்றால், 1940இல் பதுளைப் பக்கம் வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் வருகிறதா என்று சொல்லடைவில் பார்ப்பேன். அதே ஆண்டு ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் இறந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். வேவெஸ்ஸவையும் எழுதியவர், ஊவாவுக்கும் ஒரு போராட்ட வரலாறு உண்டென்று அறிந்தவர். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரைப் பற்றிய நூலானால் அவர் மனைவி மீனாட்சியம்மையைத் தேடுங்கள். மீனாட்சியம்மையும் மேடைகளில் பாடியவர், எழுதியவர். மனைவி என்ற ஒரு வரியோடு அவரை முடிக்கிற நூலில், கொழுந்தெடுத்த பெண்களுக்கு எவ்வளவு இடம் இருக்கும் என்று ஊகிக்கலாம்.

வெளியான ஆண்டையும் பார்க்கவேண்டும். குடியுரிமை பற்றி 1970களில் எழுதிய நூல், மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பிரித்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் சூடு ஆறாமல் சொல்லும். கதையின் முடிவு அதில் இருக்காது. பழைய நூல்கள் பலவற்றை நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். கைக்காசைப் புதியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் பக்கத்து நூல்களை ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். 1900இல் வந்த ஹென்றி கேவின் 'கோல்டன் டிப்ஸ்' தேயிலையைப் புகழ எழுந்த நூல். தொழிலாளரின் லயத்து வாழ்க்கைக்கு அதை நம்பாதீர்கள். அக்காலத் தொழிற்சாலை, இயந்திரம், தோட்டங்களின் படங்கள் ஆகியவற்றுக்கு நம்பிப் பாருங்கள். இப்படிப் பிரித்துப் படிப்பதற்கு நான் கைகாட்டுகிற நூல், பதுளைக்காரரான மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்'. 2014இல் க்ரியா வெளியிட்டது. தோட்டத்து வெள்ளைக்காரருக்குத் தமிழ் கற்பிக்கவென்று எழுதப்பட்ட கையேடுகளை அதில் அவர் எடுத்து ஆராய்கிறார். தமிழ் படிக்க அந்தக் கையேடுகள் உதவா. ஆனால் துரை தொழிலாளியிடம் என்ன கேட்டார், எந்தத் தொனியில் அதட்டினார், எதை ஒருபோதும் கேட்கவில்லை என்பதற்கு அவற்றைவிட நேரடியான சாட்சியம் கிடைப்பது கடினம். உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் எந்த நூலில் தொடங்குவது என்று கேட்டால், இதைத்தான் கையில் கொடுக்கிறேன். பக்கத்தில் ஒரு பென்சிலையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.