உத்திரமேரூரில் அருங்காட்சியக வகுப்பு நடத்தும் முறை

அருங்காட்சியக வகுப்பு என்பது, ஆண்டுக்கொரு முறை வேன் அமர்த்திச் சென்று கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து திரும்பும் கல்விச் சுற்றுலா அன்று. பாடவேளை அட்டவணையில் இடம்பெற்று, அதே மாணவர்கள் அதே பழம்பொருளின் முன் பலமுறை அமர்ந்து, பார்த்தும் வரைந்தும் கேள்வி எழுப்பியும் பயிலும் வகுப்பே அப்பெயருக்கு உரியது. கனடாவின் கால்கரி நகரில் 1993இல் விலங்குக் காட்சிச்சாலையில் தொடங்கிப் பின்னர் அருங்காட்சியகத்துக்கும் விரிந்த ஒரு திட்டத்தில், ஒரு வகுப்பு முழுவதும் ஒரு வாரம் அங்கேயே பாடம் படிக்கிறது. ஊர்ப்புறப் பள்ளிக்கு அவ்வளவு வசதி இல்லையாயினும், பாடநூலில் அச்சாகியிருக்கும், ஓலைகளைக் குடத்திலிட்டு ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையின் மூல ஆவணமே உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் கல்வெட்டாக நிற்பதால், வகுப்பை அங்கே தொடங்கிப் பின்னரே காஞ்சிபுரம் அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்வது தக்கது.

முதல் வேலை அனுமதி. கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், வகுப்பு நாள்களை அங்குள்ள பணியாளரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலும் பெற்றோரின் இசைவுக் கடிதமும் தலைமை ஆசிரியரிடம் இருக்க வேண்டும். மாதம் இருமுறை, காலையில் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஒதுக்கினால், சத்துணவு நேரத்துக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடலாம். ஒரு வேளைக்கு இருபது பேருக்கு மேல் அழைத்துச் சென்றால் பின்வரிசையில் நிற்பவர் கல்லைக் காணார். எனவே பெரிய வகுப்பை இரண்டாகப் பிரிப்பதே நல்லது.

முதல் வகுப்பில் ஆசிரியர் விளக்கம் தரத் தொடங்கக் கூடாது. இருவருக்கு ஒரு கைவிளக்கு கொடுத்து, அதைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்கச் சொன்னால், நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் விழுந்து வரிகள் தெளியும். எழுத்தைத் தெளிவாக்கும் எண்ணத்தில் மாவோ சுண்ணக்கட்டியோ எண்ணெயோ கல்லில் தடவுவது எக்காரணத்தாலும் கூடாது. ஈரத்தாளை எழுத்தின்மேல் ஒற்றி மையிட்டு எடுக்கும் 'மைப்படி'யும் துறையின் அனுமதியோடு பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய பணி. மாணவருக்குப் பென்சிலும் தாளும் போதும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படாததையும், வடசொற்களை எழுதக் கிரந்த எழுத்துகள் கலந்து வருவதையும் அவர்களே கண்டுபிடிக்க விட வேண்டும். பிறகு அச்சில் வந்த கல்வெட்டுப் பாடத்தை அருகில் வைத்து ஒப்பிடச் செய்யலாம். 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்ற பட்டம் முதலாம் பராந்தக சோழனைக் குறிக்கும் என்பதும், இதைக் கூறும் இரு கல்வெட்டுகளும் அவன் ஆட்சியின் 12ஆம், 14ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை என்பதும் தெரிந்தபின், 907இல் அவன் அரியணை ஏறியதைக் கொண்டு 919, 921 என்ற ஆண்டுகளை மாணவர்களே கணக்கிடுவார்கள்.

அடுத்த வகுப்பு, கல்வெட்டு சொல்வதைச் செய்து பார்ப்பதற்கு உரியது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது தேர்தலுக்கான பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையோடு கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கிய பின், அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் என்ற நடுநிலையாளரிடம் தருவான். அவர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். அந்த விரிந்த கை எதற்கு என்று கேட்டால், வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்ற இயலாதபடி செய்த ஏற்பாடு அது என்பதை நடித்துப் பார்த்த மாணவர் உடனே சொல்லிவிடுவார். இவ்வாறு குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும் (ஆண்டு வாரியம்), 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்று 360 நாள் பணியாற்றினர். குடும்புக்கு ஐந்து துண்டுச் சீட்டுகளும் இரண்டு பானைகளும் இருந்தால் இவை அனைத்தையும் பள்ளி வளாகத்திலேயே நடத்திக் காட்டலாம்.

இதே வகுப்பில் தவிர்க்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: குடத்தில் யாருடைய பெயர் இடம்பெறவே முடியாது? கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். அந்த ஊர் பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். பெண்களும் உழுகுடிகளும் ஊர்ச் சபைக்கு வெளியே இருந்தனர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்ற விதியைப் போற்றும் ஆசிரியர், இந்த விலக்கையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் கற்பித்தால் அது வரலாற்றுப் பாடம் ஆகாது.

ஏரி வாரியத்தைப் படித்தபின், பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வைரமேகத் தடாகம் எனப்பட்ட உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஒரு வகுப்பு நடத்தி, மதகு, கலங்கல் இரண்டையும் வரைபடத்தில் குறிக்கச் செய்யலாம். பெரியவர் துணையின்றி நீரருகே எவரையும் விடக் கூடாது.

காஞ்சிபுரத்துக்குச் செல்வது இதற்குப் பின்னரே. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் நாளை உறுதிசெய்துகொண்டு, அருங்காட்சியகப் பொறுப்பாளராகிய காப்பாட்சியருக்கு இரு வாரம் முன்னதாகவே பாடத்தின் பொருளைக் குறித்துக் கடிதம் எழுத வேண்டும். ஆசிரியர் தனியே ஒருமுறை சென்று, மூன்று பொருள்களை மட்டும் தேர்ந்துகொள்வது நலம். ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரம் அமர்ந்து, எதனால் ஆனது, எங்கே தேய்ந்திருக்கிறது, யார் கையில் இருந்திருக்கும் என மாணவர் எழுதிய பிறகே பெயர்ப்பலகையைப் படிக்க விட வேண்டும். பெயர்ப்பலகையை முதலில் படித்தவர் பொருளைப் பார்ப்பதை அத்தோடு நிறுத்திவிடுகிறார்.

வகுப்புகள் தொடரும்போது, வயலிலோ கிணறு வெட்டும் இடத்திலோ பழங்காசு, தாழி, சிலை முதலியன கண்டதாக மாணவர் செய்தி கொண்டுவரக்கூடும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை. பொருளைத் தோண்டி எடுக்காமலும் கழுவாமலும், கிடந்த நிலையிலேயே படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அக்கடிதத்தை எழுதும் வேலையை அந்த மாணவரிடமே ஒப்படைக்கலாம்.