ஜீப்பை உயர்த்துமுன் அளந்து பார்ப்போம்

சாகாமக் குளத்தை அண்டிய வயல்வழிகள் மாரியில் சேறாகும். ‘ஜீப்பை உயர்த்திப் பெரிய ரயர் பூட்டினால் என்ன?’ என்ற கேள்வி எழுவது இயல்பே. கைக்காசைச் செலவழிக்குமுன் சிலவற்றை அறிந்துகொள்வோம்.

1. ஜீப்பின் அச்சை நிலத்திலிருந்து உயர்த்துவது ரயரே. 28 அங்குல ரயருக்குப் பதிலாக 31 அங்குல ரயர் பூட்டினால் அச்சு ஒன்றரை அங்குலம் உயரும். வில்லுத் தகடுகளில் செய்யும் உயர்த்தல் உடற்பகுதியை மட்டுமே தூக்கும். பெரிய ரயர் மட்காட்டில் உரசாமல் இடம்விடுவதே அதன் பயன்.

2. இரவல் ரயர்களைப் பூட்டிச் சுமையேற்றுவோம். ஒரு சில்லை மேட்டில் ஏற்றிச் சுக்கானை இருபக்கமும் முழுதாகத் திருப்புவோம். உரசாவிட்டால் உயர்த்தல் வேண்டாம். உரசினால், குறைகின்ற அளவுக்கு மட்டும் உயர்த்துவோம்.

3. அளவுக்கு மிஞ்சினால், நெல்மூட்டை ஏற்றிய ஜீப் குளக்கட்டில் எளிதில் சரியும். பிறேக் குழாய் இழுபடும். பெரிய ரயரால் வேகமானி 40 காட்டும்போது உண்மை வேகம் 44 ஆகும். பிறேக்குக்கும் வேலை கூடும்.

கலந்துரையாடுவோம்: நம் வழியில் தட்டுவது அச்சா, உடற்பகுதியா? சேறு கிடப்பது எத்தனை நாள்? அந்நாட்களுக்கு உழவு இயந்திரப் பெட்டி போதாதா?