பின் சீட்டில் இருப்பவரும் ஓட்டுகிறார்

இருவர் சேர்ந்து மிதிக்கும் டேண்டம் சைக்கிள் ஓட்ட ஆசை என்று என்னைப் போலப் பார்வையற்ற நண்பர் யாராவது சொன்னால், முன்னால் உட்காரப்போகிறவர் வாய் திறந்து பேசுகிறவரா என்றுதான் முதலில் கேட்பேன். சைக்கிளைப் பற்றிய பேச்சு அப்புறம்தான்.

ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருக்கும் பைலட்டின் கையில். பின்னால் இருக்கும் நமக்குப் பெயர் ஸ்டோக்கர். பிடித்துக்கொள்ள அசையாத ஒரு கம்பி, மிதிக்க இரண்டு பெடல். பெரும்பாலான டேண்டம்களில் இருவரின் பெடல்களையும் ஒரு செயின் பிணைத்திருக்கும். அவர் மிதித்தால் என் காலும் சுழலும். சொல்லாமல் அவர் நிறுத்திவிட்டால் என் முழங்கால் வெடுக்கென்று இழுபடும். அதனால் "நிறுத்துறேன்" என்ற சொல் கால் நிற்பதற்கு முன்பே வர வேண்டும்.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பைலட் முதலில் ஏறி, பிரேக்கை இறுக்கி, கால்களை நன்றாக அகட்டி நிற்க வேண்டும்; இல்லையென்றால் பின்னால் நாம் பெடலைத் திருப்பும்போது அவர் காலில்தான் இடிக்கும். பிறகு நாம் ஏறி இரண்டு பாதங்களையும் பெடலில் வைத்து, பேசி வைத்த நிலைக்கு அதைக் கொண்டுவந்து "ரெடி" சொல்ல வேண்டும். சிக்னலில் நிற்கும்போதும் நாம் காலை ஊன்ற வேண்டியதில்லை, அவர் தாங்கிக்கொள்வார். அந்த நம்பிக்கை உடம்புக்கு வரும்வரை வண்டி வராத மைதானத்தில் இதை மட்டுமே பழகுங்கள்.

ஞாயிறு விடியற்காலையில் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் போவது எனக்குப் பிடிக்கும். என் பைலட் என்னைவிட இளையவர். வேகத்தடை வந்தால் "அண்ணா, பிரேக்கர்!" என்பார். பின் சீட் பின்சக்கரத்தை ஒட்டி இருப்பதால் அடி முழுக்க நமக்குத்தான். அந்தக் குரல் கேட்டதும் முழங்காலை மடக்கி இடுப்பைச் சற்றே தூக்கிக்கொள்வேன். முட்டுக்காடு பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். காற்றுக்கு எதிராகச் சாயத் தோன்றும். சாயக் கூடாது. பின்னால் நாம் அசைந்தால் முன்னால் அவர் கையில் ஹேண்டில்பார் ஆடும். வளைவிலும் அப்படித்தான்: சைக்கிள் சாய்கிற அளவுக்கு நாமும், அதற்கு மேல் வேண்டாம்.

பள்ளமும் திருப்பமும் முதலில், காட்சி பிறகு என்று பைலட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் காட்சியும் வேண்டும். உப்பு வாடையும் மீன் வாடையும் எனக்கே தெரியும்; உப்பங்கழியில் இன்று தண்ணீர் என்ன நிறம், படகு எத்தனை என்று அவர் சொன்னால்தான் தெரியும்.

டீக்கடையில் பைலட்டிடம், "இவரை நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு அது வலிக்கும். ஏறிய மேட்டில் என் காலின் உழைப்பும் இருக்கிறது. பாராலிம்பிக்ஸ் டேண்டம் பந்தயத்தில் பதக்கம் இருவர் கழுத்திலும் ஏறுகிறது. அது இருவரின் ஓட்டம் என்பதற்கு அந்த ஏற்பாடே சாட்சி. பார்வையிழந்த திவ்யான்ஷு கனத்ரா 2016இல் மணாலியிலிருந்து லடாக்கின் உயர்ந்த மலைக்கணவாயான கர்துங் லா வரை டேண்டமில் போனார். அந்த உயரத்தில் பின்னால் சும்மா உட்கார்ந்து போக முடியாது.

கண்ணாடி கட்டாயம் போடுங்கள். பார்வை இல்லாத கண்ணிலும் பூச்சியும் மணலும் விழும். மடக்கும் வெண்கோலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பைலட் கிடைத்தால், அனுபவமுள்ள ஒருவரை முன்னால் உட்காரவைத்து, இவரைப் பின் சீட்டில் கண்ணை மூடி ஒரு சுற்று போகச் சொல்லுங்கள். எதைச் சொல்ல வேண்டும், எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும் என்பது இறங்கும்போது அவருக்கே தெரிந்திருக்கும்.