பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிய இருசு

மாட்டு வண்டி ஓடும்போது அதன் இருசு சுழல்கிறதா, இல்லையா? வண்டியைப் பார்த்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். இருசு அசையாமல் நிற்கிறது. சக்கரம் மட்டுமே அதன்மேல் சுழல்கிறது. சக்கரம் கழன்று ஓடிவிடாதபடி கடையாணி தடுக்கிறது. இரயில் பெட்டியில் அப்படி இல்லை. அங்கே சக்கரங்கள் இருசோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருப்பதால் இருசும் சேர்ந்தே சுழல்கிறது.

மோட்டார் சைக்கிளின் பின்சக்கர இருசு இவற்றில் எந்த வகை? அது மாட்டு வண்டியின் வகை. எஃகுத் தண்டு ஒன்று இரு புறமும் நட்டால் இறுக்கப்பட்டு அசையாமல் நிற்க, பேரிங்குகளின் உதவியால் சக்கரம் அதைச் சுற்றி ஓடுகிறது. இந்தத் தண்டின் இரு முனைகளையும் தாங்கும் கவட்டை போன்ற அமைப்புக்கு ஸ்விங் ஆர்ம் என்று பெயர். அது முன்பக்கம் வண்டிச் சட்டத்தில் ஒரு கீல் போலப் பிணைக்கப்பட்டு, பின்பக்கம் சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடுகிறது. சாலையின் மேடு பள்ளங்கள் நம் முதுகெலும்பை நேரே தாக்காமல் காப்பது இந்த அமைப்பும், அதனுடன் இணைந்த வில்களும்தாம்.

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1940களின் இறுதியிலேயே இவ்வமைப்பைத் தன் புல்லட் வண்டியில் புகுத்தியது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த புல்லட்டுகள் நாடெங்கும் ஓடின. 1970இல் இங்கிலாந்துத் தயாரிப்பு நின்ற பின்னும் நம் நாட்டில் தொடர்ந்தது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கடந்த அத்தகைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. உரிய பாகம் கிடைக்காதபோது, லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்கிறார்கள். என் தந்தையார் விட்டுச் சென்ற புல்லட்டுக்கும் நான் அப்படித்தான் ஓர் இருசு செய்யச் சொன்னேன்.

பாடம் தொடங்கிய இடம்

பழைய இருசின் புரி தேய்ந்துவிட்டது. அதை ஒரு பட்டறையில் கொடுத்து, "இதே அளவில் ஒன்று வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் பளபளவென்று ஒரு தண்டு கைக்கு வந்தது. அளவும் சரியாகவே இருந்தது. எட்டு மாதம் ஓட்டினேன். ஒரு மாலை, என் மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு எங்கள் தெருமுனையில் மெதுவாகத் திரும்பும்போது 'டக்' என்று ஓர் ஒலி. சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, செயின் கழன்று, வண்டி கீழே விழுந்தது. வேகம் மிகக் குறைவு. ஆகையால் அவள் முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அதற்குக் கால் மணி நேரம் முன்பு நாங்கள் லாரிகளுக்கிடையே நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம்!

இருசு இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தை உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தேன். ஓர் ஓரத்திலிருந்து உள்நோக்கி, சிப்பி ஓட்டின் மேல் காணும் கோடுகளைப் போல வளைவு வளைவாக வரிகள். அந்தப் பகுதி வழவழப்பாக இருந்தது. மீதிப் பகுதி மட்டும் சொரசொரப்பு. அதாவது, இருசு அன்று மாலை முறியவில்லை. பல மாதங்களாகச் சிறிது சிறிதாக முறிந்துகொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் எஞ்சியிருந்த பகுதிதான் அன்று மாலை ஒடிந்தது.

பௌதிகம் கற்பிக்கிற நான், பட்டறையில் நின்றபோது பௌதிகத்தை மறந்துவிட்டேன். அன்றே கணக்கிட்டிருக்க வேண்டியதை இப்போது நாம் சேர்ந்து கணக்கிடுவோம்.

சுமை எவ்வளவு?

வண்டியும் இருவரும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிலோகிராம் என்று கொள்வோம். இதில் பின்சக்கரத்தின் பங்கு 180 கிலோகிராம் எனில், விசை சுமார் 1,800 நியூட்டன். இருசின் ஒவ்வொரு முனைக்கும் 900 நியூட்டன். ஸ்விங் ஆர்மின் கைக்கும் உள்ளேயிருக்கும் பேரிங்குக்கும் இடையே 40 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வளைவுத் திருப்புத்திறன் கிடைக்கும்:

900 × 40 = 36,000 நியூட்டன்-மி.மீ.

உருண்டைத் தண்டின் வெளிப்பரப்பில் தோன்றும் தகைவைக் காண ஒரு சூத்திரம் உண்டு. திருப்புத்திறனை 32ஆல் பெருக்கி, அதை 3.14 × விட்டத்தின் மூன்றாம் படி என்பதால் வகுக்க வேண்டும். விட்டம் 15 மி.மீ. எனில், தகைவு சதுர மி.மீ.க்குச் சுமார் 109 நியூட்டன். பள்ளத்தில் விழுந்தெழும்போது சுமை இரு மடங்காகிறது என்று கொண்டால் 218. சாதாரண மென் எஃகு 250 நியூட்டன் அளவில்தான் நிலையாக வளையத் தொடங்கும். ஆகவே, மென் எஃகுத் தண்டுகூட மயிரிழையில் தப்பித்துவிடும் போல் தோன்றுகிறது, இல்லையா?

பொறுங்கள். பட்டறையில் புரி வெட்டுவதற்கு வசதியாக, புரி முடியும் இடத்தில் 12 மி.மீ. விட்டத்திற்கு ஒரு சதுரப் பள்ளம் போட்டிருந்தார்கள். அது கைக்கு உட்புறம், ஏறத்தாழ 25 மி.மீ. தள்ளி அமைந்துவிட்டது. 15இலிருந்து 12 என்பது ஐந்தில் ஒரு பங்குக் குறைவுதானே என்று நினைக்கலாம். ஆனால் சூத்திரத்தில் இருப்பது விட்டத்தின் மூன்றாம் படி. 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது தண்டின் வளைவு வலிமையில் பாதி போய்விட்டது!

அந்த இடத்தில் திருப்புத்திறன் 900 × 25 = 22,500. தகைவு 133, பள்ளத்தில் விழும்போது 266. மென் எஃகின் எல்லையை இதுவே தாண்டிவிட்டது. இன்னும் ஒன்று: கூரான மூலையில் தகைவு குவியும். அகன்ற வாய்க்கால் திடீரென்று குறுகினால் அங்கே நீர் சுழித்து விரைவது போல, விசையும் அம்மூலையில் நெருங்கிச் செல்கிறது. அங்கே தகைவு சராசரியைப் போல இரு மடங்கு என்று கொண்டாலும் 530ஐத் தாண்டுகிறது.

செயினின் இழுவையை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை. பின்சக்கரத்தின் ஆரம் ஸ்ப்ராக்கெட்டின் ஆரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். நெம்புகோல் தத்துவப்படி, சக்கரம் தரையை 500 நியூட்டன் விசையோடு பின்னே தள்ளினால், செயின் 1,500 நியூட்டனுக்கு மேல் இழுக்கிறது. எடை செங்குத்தாகவும் செயின் கிடைமட்டமாகவும் இருசை வளைக்கின்றன. இவ்விரண்டையும் எப்படிக் கூட்டுவது? பைதாகரஸ் தேற்றத்தை நினைவுகூருங்கள்.

எஃகும் சோர்வடையும்

ஒருமுறை தாங்கிய சுமையைப் பல்லாயிரம் முறை தாங்க முடியுமா? இக்கேள்விக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் நோக்கி வந்த இரயிலின் எஞ்சின் இருசு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாளடைவில் இரும்பு உள்ளுக்குள் படிகமாக மாறி நொறுங்குகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். 1843இல் ராங்கின் என்ற இளம் பொறியியலாளர் முறிந்த இருசுகளை ஆராய்ந்து, விட்டம் மாறும் மூலையில் வெடிப்பு தோன்றி மெல்ல உள்நோக்கி வளர்கிறது என்று காட்டினார். அம்மூலைகளை வளைவாகக் கடைய வேண்டும் என்பது அவர் கண்ட வழி. பின்னர் ஜெர்மானியரான வோலர் பல ஆண்டுகள் இருசுகளைச் சோதித்து, முறிவை முடிவு செய்வது சுமையின் அளவு மட்டுமன்று, அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதும்தான் என்று நிறுவினார். தகைவு ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எஃகு கோடிக்கணக்கான முறைகளையும் தாங்கும் என்பதும் தெரியவந்தது.

என் வண்டிக்கு வருவோம். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர்; 20 மீட்டருக்கு ஒரு குலுக்கல் என்றால், ஒரு நாளில் ஆயிரம். எட்டு மாதத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேல்! கூரான மூலையோடு இருந்த அந்த மென் எஃகு அவ்வளவு நாள் தாங்கியதே பெரிது.

சரியான இருசு

இரண்டாம் முறை வேறொரு பட்டறைக்கு வரைபடத்தோடு சென்றேன். அங்கிருந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "மூலையைக் கூராக விடக்கூடாது தம்பி, அங்கேதான் விடும்" என்றார். ராங்கின் பெயரை அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் ராங்கின் கண்டதை அவர் கை அறிந்திருந்தது. நாங்கள் கவனித்தவை இவை:

1. எஃகு: பட்டறைகளில் இ.என். 24 என்று வழங்கும் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு. வெப்பப் பதம் செய்த நிலையில் இது சதுர மி.மீ.க்கு 650 நியூட்டன் அளவுவரை நிலையாக வளையாது.

2. கடைதல்: நிமிடத்துக்கு 15 மீட்டர் வெட்டு வேகம் வேண்டும். 16 மி.மீ. கம்பியின் சுற்றளவு ஏறத்தாழ 50 மி.மீ. ஆகவே லேத் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்ற வேண்டும்.

3. அளவு: பேரிங்கின் துளை 15.00 மி.மீ.; தண்டு 14.98 மி.மீ. இதை ஸ்கேலால் அளக்க இயலாது, மைக்ரோமீட்டர் வேண்டும்.

4. மூலை: தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் 1.5 மி.மீ. ஆரத்தில் வளைவு. சதுரப் பள்ளம் எங்குமே கூடாது.

5. புரி: முழு விட்டமும் கையைத் தாண்டி வெளியே வந்த பிறகே புரி தொடங்க வேண்டும். பழைய ஆங்கில வண்டிகளில் அங்குலத்துக்கு 20 அல்லது 26 சுற்று கொண்ட சைக்கிள் புரி உண்டு. அதில் மெட்ரிக் நட்டைத் திணித்தால் இரண்டும் கெடும்.

நட்டை இறுக்குவதும் வலிமையின் ஒரு பகுதியே. இறுகிய நட்டு இருசை இழுத்துப் பிடித்து, ஸ்பேசர்களையும் பேரிங்குகளின் உள்வளையங்களையும் கைகளையும் ஒரே தூண்போல அழுத்துகிறது. வளைவை அத்தூண் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. நட்டு தளர்ந்தாலோ, நாம் மேலே கணக்கிட்டபடி சுமை முழுவதும் தண்டின்மேல் விழும்.

ஸ்விங் ஆர்மில் ஒரு மில்லிமீட்டர்

ஸ்விங் ஆர்மின் கீலில் உள்ள புஷ்களும் தேயும். அவற்றையும் கடைந்து மாற்றுவார்கள். இங்கே முக்கியம், கீலும் இருசும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது. இரு கைகளுக்கும் இடையே 200 மி.மீ. அகலம் என்க. இருசின் ஒரு முனை 1 மி.மீ. பின்தங்கினால் என்ன ஆகும்? 200க்கு 1 என்ற சாய்வு. இரு சக்கரங்களுக்கும் இடையே 1,400 மி.மீ. எனில், பின்சக்கரம் நோக்கும் கோடு முன்சக்கரத்தை விட்டு 7 மி.மீ. விலகிச் செல்லும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். செயினும் டயரும் ஒருபுறமாகத் தேயும். வடிவொத்த முக்கோணங்கள் இதற்குத்தான் பாடத்தில் இருக்கின்றன.

வெடித்த கையைப் பற்றவைக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. 100 மி.மீ. எஃகை 500 டிகிரி சூடாக்கினால் 0.6 மி.மீ. நீளும், ஆறும்போது சுருங்கி இழுக்கும். அதனால் நல்ல பட்டறைகளில் கீலிலும் இருசுத் துளையிலும் நேரான தண்டுகளைச் செருகி, கனத்த சட்டத்தில் பிணைத்த பிறகே பற்றவைக்கிறார்கள்.

செய்து பாருங்கள்

• ஒரு பால் உறையை ஓரத்தில் இழுத்துப் பாருங்கள், எளிதில் கிழியாது. ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டு இழுங்கள். பிறகு வேறோர் உறையில் அரைவட்டமாக வெட்டி இழுங்கள். எது விரைவில் கிழிகிறது?

• தடித்த காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஓரத்தை ஒட்டி, இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். பிறகு நீளவாட்டில் ஒரு கோடு கிழித்து மீண்டும் முறுக்குங்கள். ஸ்விங் ஆர்மை மூடிய குழாயால் செய்வது ஏன் என்பது விளங்கும்.

• 20 மி.மீ. விட்டமுள்ள இருசின் நடுவே 12 மி.மீ. துளையிட்டால் எடையில் 36 விழுக்காடு குறையும். வளைவு வலிமையில் 13 விழுக்காடுதான் குறையும். எப்படி? எடைக்கு 0.6இன் இரண்டாம் படியையும், வலிமைக்கு நான்காம் படியையும் கண்டு சரிபாருங்கள்.

முறிந்த அந்த இருசின் இரு துண்டுகளும் இப்போது எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களிடம் அவற்றைக் கொடுத்து, வெடிப்பு எந்த இடத்தில் தொடங்கியது என்று தேடச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருக்கலாம். அதற்கு ஏதேனும் பாகம் கடையப் பெரியவர்கள் புறப்பட்டால் உடன் செல்லுங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது என்ன எஃகு? மூலை வளைவாக இருக்கிறதா? புரி எங்கே தொடங்குகிறது? இவற்றைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். நான் கேட்காமல் இருந்துவிட்டேன்.