யோவான் சிங்கி இறால் சாப்பிடவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த சூட்டோடு வேதாகமத்திலேயே பிழை பிடிக்கக் கிளம்பிவிட்டாய்! வனாந்தரத்தில் இருந்த யோவான் ஸ்நானகனுக்கு 'லாங்கோஸ்தா' எப்படிக் கிடைத்தது என்கிறாய். அகராதியில் இன்னும் ஒரு வரி கீழே இறங்கியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது, சோம்பேறி.

லாங்கோஸ்தா என்றால் சிங்கி இறால், வெட்டுக்கிளியும் அதுதான். யோவான் தின்றது வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும். லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார். வெட்டுக்கிளியைத் தின்னலாம், சிறகும் செதிளும் இல்லாத கடல் பிராணி ஆகாது. கடலோரத்தில் குடியிருந்தாலும் அந்த மனிதர் இறாலைத் தொட்டிருக்க மாட்டார்.

"சரி, யார் பெயரை யார் எடுத்துக்கொண்டது?" என்பாய். அந்த வழக்கு லத்தீனிலேயே தீரவில்லை. அங்கே 'லோகுஸ்தா' என்ற சொல் ஏற்கெனவே இரண்டையும் குறித்தது. ரோமானிய எழுத்தாளர் பிளினி இரண்டுக்கும் அதையே எழுதுகிறார். பிரெஞ்சுக்காரர்களின் 'லாங்கூஸ்த்' அந்த வழி வந்ததுதான். ஆங்கில 'லாப்ஸ்டர்' கூட அந்த வீட்டுப் பிள்ளை என்றே பலரும் சொல்கிறார்கள்.

பூச்சிக்கும் இறாலுக்கும் என்ன உறவு என்று சிரிக்காதே. தலையில் மீசை, கணுக்கணுவான கால்கள், மேலே ஓடு, அவ்வப்போது சட்டையுரிப்பு என்று இரண்டுக்கும் ஒரே ஜாடை. பூச்சியினமே ஓட்டுடலிகளின் கிளையிலிருந்து பிரிந்து வந்தது என்று இன்றைய உயிரியலாளர்களும் சொல்கிறார்கள். ரோமானியர்கள் கண்ணால் பார்த்தே பெயர் வைத்துவிட்டார்கள்.

குழப்பம் வராதா என்றால், உன்னைப் போல அவசரக்காரனுக்குத்தான் வரும். 2020இல் பராகுவேயிலிருந்து அர்ஜென்டினாவுக்குள் லாங்கோஸ்தா கூட்டம் நுழைந்தது என்று படித்தால், சட்டி எடுத்துக்கொண்டு ஓடாதே. அது பயிரை மேய வந்த கூட்டம். மெனோர்காத் தீவின் ஃபொர்னெல்ஸ் ஊரில் 'கால்தெரேதா தே லாங்கோஸ்தா' என்றால்தான் சட்டிக்கு வேலை. அது இறால் குழம்பு.

நீ செய்யப்போகும் தப்புகளையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய கொடுக்குகளை எதிர்பார்த்து லாங்கோஸ்தா கேட்காதே. அதற்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்கு உள்ளது 'போகவான்தே'. 'லாங்கோஸ்தீனோ' என்பதைக் குட்டி லாங்கோஸ்தா என்று நினைக்காதே. அது வேறு இறால்.

கடைசியாக ஒன்று. உணவுப் பட்டியலில் விலைக்குப் பதிலாக 'செகூன் மெர்காதோ' என்று இருந்தால், சந்தை நிலவரப்படி என்று அர்த்தம். விலையைக் கேட்காமல் தலையாட்டாதே. அந்த பில்லுக்கு நான் பணம் அனுப்ப மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்